ஒரு கையும் கீழ இருக்கக் கூடாது

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. மணியடிக்க இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. அது வரைக்கும் இந்த ஸ்டாஃப் ரூமுக்கு ஆரும் வரமாட்டாங்க, பயப்படாமக் கேளுங்க.

குடுங்க பார்ப்போம் உங்க கேள்வி ஃபாரத்த. 'பட்டதாரி மாணவர்களிடையே ஆசிரியப் பணி மீதான ஆர்வம்.' தலைப்பு நல்லாத்தான் இருக்குது. நாப்பது கேள்வியா? முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், கருத்து இல்லை, ஏற்கவில்லை. எங்கெங்க டிக் வேணும்னு சொன்னீங்கன்னா இப்பவே அடிச்சுக் குடுத்தர்றேன், உங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகுது. போன வருசம் ஒரு அம்மிணி இதே மாதிரி ஆராய்ச்சிக்கு வந்துச்சு. அதுவே டிக்கெல்லாம் அடிச்சுட்டு வந்து என்கிட்டக் கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போச்சு. நல்ல புள்ள. இப்ப டாக்டர் பட்டம் வாங்கியிருக்கும். உங்களுக்கு வேண்டாமா? பேசியே ஆகோணுமா? சரி, பேசறேன். என்ற பேரு மட்டும் போட்டுறாதீங்க.

ஆர்வம், ஆர்வம்னு போட்டிருக்கீங்களே, என்கிட்ட ஆராச்சும் கேட்டாங்களாங்க ஆர்வமான்னு? எனக்கு பேங்கு வேலைக்குப் போகோணும்னு ஆசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டு 'அடுத்து ஆரு'ன்னு கேக்கற வேலை. ரெண்டு தடவ பரீட்சை எழுதினேன், ஆகல. எங்கப்பா சொன்னாரு, வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை, போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை, உன்னையப் போலீஸுல எடுக்கமாட்டாங்க, பி.எட். போடுன்னாரு. போட்டேன். வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சுட்டு பதினாறு வருசம் தனியார் பள்ளிக்கூடத்துல தொண்டை கிழியக் கத்தினேன். அரசாங்க ஆர்டர் வந்தப்ப எனக்கு முப்பத்தொம்பது வயசு. பதிவு மூப்புல வந்த வேலைங்க இது. காத்துக் கெடந்து வாங்கினது.

இங்க வருசா வருசம் பி.எட். காலேஜ்ல இருந்து பயிற்சிக்குப் புள்ளைங்களத் தாட்டி விடுவாங்க. எம்பது நாள் இங்கயே இருந்து பாடம் எடுக்கோணும். கணக்குக்கு வர்ற புள்ளைங்களுக்கு நாந்தான் வழிகாட்டி ஆசிரியை. பாடக்குறிப்பு நோட்டுல தெனமும் நான் கையெழுத்துப் போட்டாத்தான் அவங்களுக்குப் பொழப்பு. பதினேழு வருசத்துல எத்தனையோ பேரப் பார்த்தாச்சு. எதுக்கம்மிணி பி.எட். படிக்கறேன்னு கேட்டா உண்மையச் சொல்லும் அதுக. பி.எட். முடிச்ச பொண்ணுன்னா மாப்பிள்ளை வூட்ல கேக்கறாங்க டீச்சர்ங்கும் ஒண்ணு. வூட்ல சும்மா இருக்க முடியல டீச்சர்ங்கும் இன்னொண்ணு. அந்த மாதிரிப் புள்ளைங்கதானுங்க தங்கம். பரிச்சப் பேப்பரக் குடுத்தாத் திருத்தும். கம்ப்யூட்டர்ல வருகைப் பதிவு ஏத்தும். டீச்சர் வடை வாங்கியாரட்டுங்களாங்கும். எம்பது நாள் போனதே தெரியாது, நமக்கும் கொஞ்சம் கால் நீட்டி உக்கார வாய்க்கும்.

ஆர்வத்தோட ஒண்ணு வந்துச்சுங்க. ஒண்ணே ஒண்ணு. மூணு வருசம் முந்தி. அதையத்தான் நீங்க எழுதோணும், இந்த நாப்பது கேள்விய உட்டுட்டு.

வெண்ணிலான்னு பேரு. எம்.எஸ்சி. கணக்குல தங்க மெடலு. அப்பா மஞ்சள் மண்டியில மூட்டை தூக்கறவரு, இடுப்பு போயி வூட்டோட கெடந்தாரு. இவளுக்குக் கோயமுத்தூர் கம்பெனி ஒண்ணுல ஆர்டரே குடுத்துட்டானாம். ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டற வேலை. இந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லீட்டு பி.எட்.ல வந்து சேந்திருக்குது. ஏன் கண்ணு இப்புடிப் பண்ணுனேன்னு மொதல் நாளே கேட்டேன். ஒன்பதாவது படிக்கறப்ப இருந்தே டீச்சர் ஆகோணும்னு ஆசைங்க டீச்சர்னா. வூட்ல என்ன சொன்னாங்கன்னேன். ரெண்டு வருசம் பொறுத்துக்கறோம், படிச்சு முடிச்ச ஜூன்ல எங்கயாச்சும் பள்ளிக்கூடத்துல சேந்துறோணும், இல்லீன்னா நாங்க சொல்ற வேலைக்குப் போகோணும்னு எங்கம்மா சொல்லியிருக்குதுங்க டீச்சர்னா. சொல்லீட்டு சிரிச்சா. எதுக்குச் சிரிக்கறான்னு எனக்குப் புரியல.

ஒன்பதாம் வகுப்பு சி பிரிவக் குடுத்தேன். நாப்பத்திரெண்டு புள்ளைங்க. வேணும்னு குடுக்கலீங்க, இருந்த மூணுல அதுதான் கொஞ்சம் மோசம், பயிற்சிக்கு வர்றவங்களுக்கு அதையத்தான் குடுக்கறது. நல்ல வகுப்பக் குடுத்து அவங்க கெடுத்து வெச்சா ஆரு பதில் சொல்றது?

முத வாரத்துலயே ஆரம்பிச்சுட்டா. பயிற்சிப் புள்ளைங்க எல்லாரும் மெரூன் யூனிபார்ம் சேலையக் கட்டிக்கிட்டு வந்து இந்த ரூம்ல பேசிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, இவ மட்டும் இருக்கமாட்டா. வெளையாட்டுப் பீரியடு, சாப்பாட்டு நேரம், எப்பப் பார்த்தாலும் ஒன்பது சியில கெடப்பா. கழித்தலே தெரியலீங்க டீச்சர், மைனஸ்ல இருந்து மைனஸ் கழிக்கத் தெரியாம எப்புடி ஒன்பதாவது வந்தாங்கன்னு என்கிட்டயே கேக்கறா. எட்டாவதுல அந்தப் புள்ளைங்களுக்கு நாந்தானுங்க கணக்கு. கேக்கற மொறையப் பாருங்க. சின்னப்புள்ள, தெரியாமக் கேக்குது.

இப்ப கை விசயத்துக்கு வர்றேன். இதையக் கவனிச்சு எழுதுங்க, எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.

அதிகாரிங்க பார்வைக்கு வர்றப்ப வகுப்புல கேள்வி கேக்கச் சொல்லிப் பொறவால கடைசி பெஞ்சுல உக்காந்து பார்ப்பாங்க இல்லீங்களா? நாலு புள்ளைங்க கை தூக்கி முப்பத்தெட்டு உக்காந்திருந்தா ஆருக்குக் கேவலம்? அதுக்கு நான் ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கேன். பதில் தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. என்ன கேட்டாலும் எல்லாரும் தூக்கோணும். வகுப்பு பூராக் கை எந்திரிச்சு நிக்கும். நான் வலது கையா ஒண்ணப் பார்த்துக் கேப்பேன், டக்குனு பதில் வரும். 'மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்கின்றனர்'னு எழுதி வெச்சுட்டுப் போயிருவாங்க. பாருங்க, அங்கயும் உங்க ஆர்வந்தான். பதினேழு வருசத்துல என்ற வகுப்புல ஒரு புள்ள கூட அதிகாரி முன்னால தெரியாதுன்னு நின்னு அவமானப்பட்டதில்லீங்க. அதையத்தான் நான் அன்புங்கறேன்.

இவளுக்கு அது தெரியல. என்னமோ கேள்வி கேட்டிருக்கா, பழக்க தோசத்துல எல்லாரும் தூக்கியிருக்குதுக. இவ போயி ஒரு இடது கையக் கேட்டுட்டா. பிரகதீசுன்னு ஒருத்தன், மர மண்டை. அவன் எந்திரிச்சு நின்னு முழிச்சிருக்கான், வகுப்பே சிரிச்சிருக்குது. இவ என்ன ஏதுன்னு வெசாரிச்சு விசயத்தக் கறந்துட்டா. என்னையக் காட்டிக் குடுக்கறாளோன்னு பார்த்தேன். அதெல்லாம் பண்ணல. அதையவிடப் பெருசாப் பண்ணீட்டா. இனிமே என் வகுப்புல தெரிஞ்சவங்க கை தூக்க வேண்டாம், தெரியாதவங்க மட்டும் தூக்குங்க, கை தூக்கினவங்ககிட்டத்தான் மிஸ் மொதல்ல வருவேன்னு சொல்லீட்டா.

கேள்விப்பட்டிருக்கீங்களா தம்பி, தெரியாதுன்னு சொல்றதுக்குக் கை தூக்கச் சொல்றத? மொதல்ல ஒண்ணும் தூக்கல. அப்பறம் அந்தப் பிரகதீசு தூக்கியிருக்கான். இவ பக்கத்துல போயி உக்காந்து, பழைய கல்யாணப் பத்திரிகையக் கத்தரிச்சுக் கட்டங்கட்டமா வெச்சு, ஏ பிளஸ் பி ஸ்கொயருக்கு நடுவால ரெண்டு ஏபி எங்க இருந்து வருதுன்னு காட்டியிருக்கா. அவனுக்குப் புரிஞ்சிருச்சாம். மத்தியானத்துக்குள்ள இருவது கை. ஒரு மாசத்துல வகுப்பு பூரா எனக்குத் தெரியல மிஸ், எனக்குத் தெரியல மிஸ்னு வெக்கமில்லாமத் தூக்கீட்டுத் திரிஞ்சுதுக. அந்தப் பக்கம் போறப்ப நான் சன்னல்ல பார்ப்பேன். எல்லாத்து மடியிலயும் கத்தரிச்ச பத்திரிகை, குப்பை மாதிரி. நாளாக ஆகக் கைக குறைஞ்சு போச்சு. அது சலிச்சுப் போயித் தூக்காம உட்டுருச்சுகன்னு நான் நெனச்சேன்.

ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், வரல. நானே போனேன் ஒன்பது சிக்கு. உள்ள நொழையறேன், நாப்பத்திரெண்டு மொகமும் கறுத்துப் போச்சுங்க. சுபாங்கின்னு முன் பெஞ்சுல ஒருத்தி, எட்டாவதுல என்ற பின்னாலயே பையத் தூக்கிட்டு வந்தவ, அவ கேக்கறா, 'மிஸ் வரமாட்டாங்களா டீச்சர்?' வரமாட்டாங்க, நான் எடுக்கறேன்னேன். 'பரவால்லீங்க டீச்சர், மிஸ் நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க, நீங்க செரமப்படாதீங்க'ன்னா. குசும்பா இருந்தா நாலு போட்டிருப்பேன். அவ நெசமாலுமே என்மேல பாவப்பட்டுச் சொன்னா. எனக்கு எரிஞ்சுதுங்க. மறைச்சு என்ன ஆகப் போகுது, வவுறு எரிஞ்சுது. அதுக்காகப் பொறாமைன்னு எழுதீறாதீங்க. என்ற வயசென்ன, அவ வயசென்ன, நான் போயி அவகிட்டப் பொறாமைப்படுவேனா.

அப்பறம் ஹெச்.எம். சாரு கூப்பிட்டாரு. வர்ற ஜூன்ல கணக்குக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்துல இருந்து தற்காலிகமா ஒரு ஆள் போட்டுக்கலாம் டீச்சர், அந்த வெண்ணிலாப் பொண்ணுகிட்டச் சொல்லீட்டேன், பிராக்டிகல் பரிச்சைய நல்லபடியா முடிச்சுட்டு வான்னாரு. நல்லதுங்க சார்னேன். ஒன்பது, பத்து அந்தப் பொண்ணு பார்த்துக்கட்டும், உங்களுக்கும் முட்டி வலிங்கறீங்க, ஆறு, ஏழ எடுத்துக்குங்கன்னாரு. முன்னால மொளச்ச காதவிடப் பின்னால மொளச்ச கொம்பு ஒசத்தியாப் போச்சு. எனக்கு ஆறாவது, நேத்து வந்தவளுக்குப் பத்தாவது. சரிங்க சார்னு சிரிச்சுட்டே வந்துட்டேன். ரெண்டு நாளாச் சோறு எறங்கல.

அன்னைக்குச் சாயந்தரம் அவ இந்த எடத்துல நின்னா, நீங்க உக்காந்திருக்கற எடத்துல. டீச்சர், எனக்கு இங்கயே எடம் கெடைக்கும் போல இருக்குதுங்க, எங்கம்மாகிட்டப் போன்ல சொன்னேன் அழுதுருச்சுங்கன்னா. எல்லாம் உங்க ஆசீர்வாதம்னு கால்ல உழுந்தா. நல்லா இரு கண்ணுன்னுதான் சொன்னேன். கால்ல உழுந்தவள வேற என்ன சொல்றது?

பிராக்டிகல் பரிச்சை நவம்பர்ல வந்துச்சு. வெளியூர்க் காலேஜ்ல இருந்து ரெண்டு பேராசிரியருங்க வந்து, வகுப்புல பொறவால உக்காந்து, அவ பாடம் எடுக்கறதப் பார்த்து மார்க்குப் போடுவாங்க. அன்னைக்குக் காலையில அவ துணைக்கருவி எல்லாம் எடுத்து வெச்சுட்டு இருந்தப்ப, நான் ஒன்பது சிக்குப் போனேன். கதவச் சாத்திக்கிட்டு, புள்ளைங்களா, உங்களுக்கு மிஸ்னா உசுருதானேன்னேன். ஆமாங்க டீச்சர்னுச்சுக. மிஸ் நல்ல மார்க்கு வாங்கி ஜூன்ல இங்கயே வரோணுமா வேண்டாமான்னேன். வரோணும் டீச்சர்னு கத்துச்சுக. அப்பச் சொல்றதக் கேளுங்கன்னேன். இன்னைக்கு வர்ற சாருங்க முன்னால மிஸ் என்ன கேட்டாலும், எப்புடிக் கேட்டாலும் எல்லாரும் கை தூக்கோணும். ஒரு கையும் கீழ இருக்கக் கூடாது. கை எறங்குச்சுன்னா மிஸ்ஸுக்கு மார்க்கு எறங்கும்.

அந்தச் சுபாங்கி இருக்கறாளே, அவளுக்கு மூளை. டீச்சர், மிஸ் புரியாதவங்க கை தூக்குங்கன்னு கேட்டா என்ன பண்றதுங்கன்னு இழுத்தா. அதுக்கும்தான்னேன். கை தூக்கினாத்தான் ஆர்வம்னு எழுதுவாங்க. மிஸ் மூஞ்சி ஒரு மாதிரி போகும், எறக்குங்கன்னு கூடச் சொல்லும், நம்பாதீங்க, அது நடிப்பு, எங்களுக்குள்ள பேசி வெச்சதுன்னேன். எல்லாத்துக்கும் சந்தோசம். மிஸ்ஸுக்கு உதவி பண்றோம்னு ஒரே குதூகலம்.

நான் என்னங்க தப்பாச் சொன்னேன்? அதிகாரிங்க வர்றப்ப வருசா வருசம் சொல்றதுதான். கை தூக்குங்கன்னேன். அவ்வளவுதான்.

பரிச்சை ஆரம்பிச்சுது. பேராசிரியருங்க பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு நானும் உக்காந்தேன். வணக்கம் சொல்லீட்டு அவ பழக்கப்படி ஆரம்பிச்சா. நேத்து நடத்துனதுல புரியாதவங்க கை தூக்குங்கன்னா. நாப்பத்திரெண்டு கையும் எந்திரிச்சுது.

அவ நின்னா. காதுல சரியா உழுகலையோன்னு நெனச்சு, புரியாதவங்க மட்டும்னு மறுக்கா சொன்னா. கைக இன்னும் ஒசந்துச்சு. சுபாங்கி எட்டித் தூக்கறா. முந்தா நாள் போர்டுல வந்து தானாக் கணக்குப் போட்டவ. வெண்ணிலா அவள உட்டுட்டு நேராப் பிரகதீசுகிட்டப் போனா. உனக்குமா சாமி, நேத்து நீதானே எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தேன்னா. அவன் என்னையப் பார்த்தான். நான் தலைய ஆட்டினேன். 'புரியல மிஸ்'னு சொல்லீட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு ரெண்டு கையும் தூக்கீட்டான். ஒண்ணு பத்தாதுன்னு நெனச்சிருப்பான் போல.

பக்கத்துல இருந்த பேராசிரியரு, என்னம்மா இது, எம்பது நாள் என்ன பண்ணுனீங்கன்னு கேட்டாரு. இன்னொருத்தரு சிரிச்சுட்டு என்னமோ எழுதினாரு. அதுக்கப்பறம் அவ போர்டுப் பக்கம் திரும்பினா. போர்டுல போட்ட கணக்குல மைனஸ உட்டுட்டா. அந்தப் பழைய பத்திரிகைக் கட்டங்க கையில இருந்து கீழ கொட்டிருச்சு. குனிஞ்சு பொறுக்கீட்டே, கை எறக்குங்கப்பா, எறக்குங்கப்பான்னா. ஒருத்தரும் எறக்கல. அவளுக்காக நாப்பது நிமிசம் கை வலிக்க வலிக்கத் தூக்கி வெச்சிருந்துச்சுக பாவம். எனக்கே அதுகளப் பார்க்கக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

என்னங்க தம்பி எழுதறத நிறுத்தீட்டீங்க? பேனா தீந்து போச்சா? இந்தாங்க, இதுல எழுதுங்க.

பெயிலு எல்லாம் போடல. பாஸ் மார்க்கு போட்டாங்க, எல்லாத்தையும்விடக் கொறைச்சு. தங்க மெடலுக்கு அது போதும். ஹெச்.எம். சாரும் லேசுப்பட்டவரு இல்லீங்க. பரிச்சைன்னா அப்படித்தான், பொண்ணு பயந்திருக்கும், நான் ரெண்டு மாசமா வராண்டாவுல நின்னு அந்தப் பொண்ணு நடத்தறதக் கேட்டிருக்கேன், ஜூன்ல வரட்டும்னுட்டாரு. அவ்வளவு நடந்தும் அவளுக்குத்தான் எடம். எனக்கு ஆறாவதுதான்.

பரிச்சையோட அவ பயிற்சியும் முடிஞ்சுது, அன்னைக்கு எல்லாரும் போன பொறவு அவ வந்தா. கண்ணெல்லாம் வீங்கிப் போச்சு. டீச்சர், ஹெச்.எம். சாரு என்னைய வரச் சொல்லியிருக்காருங்க, நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்னா. கேளு கண்ணுன்னேன். நான் நடத்துனது ஒருத்தருக்குமே புரியலீங்களா, எம்பது நாளும் புரிஞ்ச மாதிரி எனக்காக நடிச்சாங்களா, நீங்க எட்டாவதுல இருந்து அந்தப் புள்ளைங்களப் பார்த்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியும், உண்மையச் சொல்லுங்க டீச்சர்னா. நீங்க இல்லீன்னு சொன்னா நான் ஜூன்ல வர்றேன், ஆமான்னா நான் இந்தப் பக்கமே வரல, புள்ளைங்க வாழ்க்கையில வெளையாடக் கூடாதில்லீங்களான்னா.

என்னைய நம்பிக் கேக்கறா. அவ படிச்ச படிப்புக்கு என்கிட்ட வந்து கேக்கறா பாருங்க. அவ தலையத் தடவிக் குடுத்து, ஆமா கண்ணு, உன்ற மனசு நோகுமேன்னுதான் இத்தனை நாள் நான் சொல்லலைன்னேன்.

அழுகல. சரிங்க டீச்சர்னு தலையாட்டினா. பாடக்குறிப்பு நோட்ட நீட்டுனா, கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டேன். 'பணியில் ஆர்வம் மிக்கவர்'னு எழுதிக் கூடக் குடுத்தேன். ஒரு குறை வெக்கல.

மறுநாள் அந்தப் புள்ளைங்க என்னையச் சுத்திக்கிச்சுக. டீச்சர், நாங்க ஒரு கையும் எறக்கல, மிஸ்ஸுக்கு எத்தனை மார்க்குங்க? நூத்துக்கு நூறுன்னேன். அப்ப ஜூன்ல வந்துருவாங்களா? ஜூன் வந்துச்சு, மிஸ் வரல. அத்தனை மார்க்கு வாங்குனவ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா, உங்களையெல்லாம் மறந்துட்டான்னேன். பிரகதீசு ரெண்டு நாள் சோறு திங்காம இருந்தான். அப்பறம் சரியாயிட்டான், புள்ளைங்கதானே.

பத்தாவது எனக்கே வந்துச்சு. அந்த சி பிரிவுல நாப்பத்திரெண்டு பேரும் பாஸுங்க தம்பி. இந்தப் பள்ளிக்கூடத்துல கணக்குல நூத்துக்கு நூறு சதம் அதுக்கு முன்னால வந்ததே இல்ல. நான் அந்த வருசம் முட்டி ஆபரேசனுக்கு மூணு மாசம் லீவு வேற. வந்து பார்த்தா அதுகளே பின் பெஞ்சுல ஒண்ணுக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்துட்டு இருந்துச்சுக. அதெல்லாம் வயசு வந்தா வர்றதுதான். அந்தா பீரோ மேல இருக்குது பாருங்க கேடயம், அது அதுக்குக் குடுத்தது. மேடையில கூப்பிட்டுப் பொன்னாடை போட்டாங்க. என்னையப் பார்த்து, உங்க ஆர்வந்தான் இதுக்குக் காரணம்னாங்க.

போன மாசம் அவளப் பார்த்தேன். பவானியில பஸ் ஏறினேன், நிக்க எடமில்ல. சன்னலோரத்துல இருந்து ஒருத்தி எந்திரிச்சு, டீச்சர் இங்க உக்காருங்கங்கறா. மெலிஞ்சு போயிட்டா, மொதல்ல அடையாளமே தெரியல. ஈரோட்டுல ஜவுளிக்கடையில பில் போடறாளாம். காலைல ஒன்பதுக்குப் போனா ராத்திரி ஒன்பதாம். ஏன் கண்ணு, வூட்ல ட்யூசனாச்சும் எடுக்கலாமில்லன்னு கேட்டேன், நல்ல மனசோடதான் கேட்டேன். இல்லீங்க டீச்சர், பக்கத்து வூட்டுப் பையன் ஒருத்தன் கணக்குக் கேட்டு வந்தான், எனக்குத் தெரியாது கண்ணுன்னு அனுப்பீட்டேன், நான் சொன்னா அவனுக்கு இருக்கறதும் குழம்பிப் போயிருமுங்களேன்னா.

அப்பறம் கம்பியப் புடிச்சுட்டு நின்னா. காலிங்கராயன்பாளையம் தாண்டுனப்ப, டீச்சர், அந்த ஒன்பது சிப் புள்ளைங்கன்னு கேட்டா. பத்தாவதுல என்னங்க ஆனாங்க, என்னால ஆராச்சும் பெயிலாயிட்டாங்களா, அதைய நெனச்சா எனக்குத் தூக்கம் வர்றதில்லீங்கன்னா.

நான் சொன்னேன், வெசனப்படாத கண்ணு, நீ போன பொறவு நான் மொதல்ல இருந்து எல்லாத்தையும் மறுக்கா சொல்லிக் குடுத்து, ஒண்ணு பாக்கியில்லாமக் கரையேத்திட்டேன்னேன்.

ஓடற பஸ்ல கம்பிய உட்டுட்டு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாளுங்க தம்பி. பஸ்ஸே பார்க்குது. கண்ணுல தண்ணி கொட்டுது. என்கிட்ட இருந்து அந்தப் புள்ளைங்களக் காப்பாத்தீட்டீங்க டீச்சர்னா. நான் அவ கையப் புடிச்சு எறக்கி உட்டு, இருக்கட்டும் கண்ணு, இது என்ற கடமைதானேன்னேன்.